அவளைக் கேட்டார்களா?

பிரம்மதேசம் - நாம் ஆசிரியப் பணி புரியும் ஊருக்கு இப்படி ஒரு பெயர்! கேட்டதும் கல்லூரித் தோழர்கள் கைகொட்டிச் சிரிப்பர். "பகுத்தறிவு பேசித் திரிந்தவருக்குப் பிரமன் பெயர் தாங்கிய ஊர்தானா கிடைத்தது?" என்பர். கிடைத்தது, என்ன செய்ய! பிரமனின் முகத்திலே ஒருவன், தோளிலே ஒருவன், தொடையிலே ஒருவன், காலிலே ஒருவன் பிறந்ததாகக் கட்டிவிட்ட கதையை, அந்த ஊர்ப் பள்ளியிலேயே நின்று பிள்ளைகளுக்கு எடுத்துக் கூறும் வாய்ப்பும் கூடவே கிடைத்தது. கூறினோம். கடைசி வரிசையிலிருந்த சிறுவன் எழுந்தான். "சார், எங்கே பொறந்தாலும் ரத்தம் சிவப்புத்தானே?" என்றான். நாம் பூரித்துப்போனோம். பாடம் பலித்துவிட்டதென்று அன்றிரவே நண்பர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்துப் பெருமையடித்துக் கொண்டோம்.

பலித்ததா இல்லையா என்பது, கார்த்திகை மாதத்தில் ஒரு மாலை தெரிந்தது. அதே சிறுவன் மூச்சிரைக்க நம் அறைக்கு ஓடிவந்தான். "அம்மாவ வண்டியில ஏத்திக்கினு போறாங்க சார். தம்பி பொறந்துட்டான். ரத்தந்தான் நிக்கலியாம்."

அந்தத் தாயை நாம் அறிவோம். மரக்காணத்து உப்பளத்தில் கூலி வேலை. தை பிறந்து வெயில் ஏறினால், உவர்நீர் பாய்ந்த பாத்திகளிலே வெறுங்காலுடன் நிற்பதும், வரப்பிலே குவித்த உப்பைக் கூடையில் வாரித் தலையில் சுமப்பதும் அவள் தொழில். கண்ணைப் பறிக்கும் வெண்மை கீழே, சுட்டெரிக்கும் கதிரவன் மேலே. ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டிப் பாத்திகள் மூழ்கும், கூலியும் மூழ்கும். புரட்டாசி வரையில், ஏழுமாதச் சூலோடு கூடை சுமந்தவள் அவள். உடலில் குருதி எங்கே இருக்கும்? கருவுற்றவளுக்குப் பதினொன்றாவது இருக்கவேண்டிய இரத்த அளவு, அவளுக்கு ஏழுக்கும் எட்டுக்கும் நடுவிலே ஊசலாடிற்று. கிராமச் செவிலியர் இரும்புச் சத்து மாத்திரைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். மாமியார் அவற்றை வாங்கி மாடத்தில் வைத்தார். தின்றால் பிள்ளை கறுத்துப் பிறக்குமாம்! கறுத்த மண்ணில், கறுத்த மக்களிடையே, கறுப்பைக் கண்டு இத்தனை அச்சம்!

மருத்துவமனைக்கு நாம் விரைந்தபோது இருட்டிவிட்டது. எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். அங்கிருந்தோர் கடமையில் குறை வைக்கவில்லை. இளம் பெண் மருத்துவர் ஒருவர் நடைவழிக்கே வந்து விளக்கினார்: பிள்ளை பிறந்தபின் கருப்பை சுருங்கவில்லை, சுருங்கினால்தான் இரத்தக் குழாய்கள் அடைபடும், மருந்து செலுத்தியாயிற்று, ஆனால் போன இரத்தத்தை ஈடுசெய்தாக வேண்டும். "இருப்பிலே இருப்பதை ஏற்றுகிறோம். ஒப்புதல் கொடுங்கள். வங்கியில் இருப்பு குறைவு, உறவினர் இரண்டு பேர் பதிலுக்குக் கொடுங்கள்" என்றார்.

கணவர் எங்கே? வாயிலுக்கு வெளியே, மரத்தடியிலே நின்றார். கறுப்பு வேட்டி, கழுத்திலே துளசிமணி மாலை. சபரிமலைக்கு விரதம். மகப்பேறு தீட்டாம், மாலை போட்டவர் அந்தப் பக்கமே வரலாகாதாம். பெற்ற பிள்ளையை அவர் இன்னும் பார்க்கவில்லை. "உள்ளே வாருங்கள், கையெழுத்திட வேண்டும், இரத்தமும் கொடுக்கவேண்டும்" என்றோம். "மாலையில இருக்கேனுங்க. ரத்தம் சிந்துனா விரதம் கெட்டுடும். குருசாமிய ஒரு வார்த்த கேட்டுக்கறேன்" என்றார். அழைத்தார். மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. குருசாமி எங்கோ பஜனையில்!

மாமியாரிடம் ஓடினோம். அந்த அம்மையார் அழுதுகொண்டுதான் இருந்தார்; மருமகள்மீது அன்பில்லாதவர் என்று சொல்லமாட்டோம். எனினும் அவர் கேட்ட முதற் கேள்வி இது: "வாத்தியாரே, அந்த ரத்தம் எந்தச் சாதிக்காரனுது?" கணவரின் தம்பி சுவரோடு ஒட்டிநின்று, "எனக்கு ஒடம்பு தாங்காதுங்க. ஒரு சொட்டு ஊறவே நாப்பது நாளாவுமாம். அப்புறம் அளத்துல பலக இழுக்க முடியுமா?" என்றார்.

ஒருவருக்கு விரதம், ஒருவருக்குச் சாதி, ஒருவருக்கு வலிமை. கடிகாரத்தின் முள் நகர்ந்தது. நாற்பது நிமிடம்! அத்தனை நேரமும் வாயிலுக்கும் வார்டுக்குமாக ஓடிய நமக்கு, மெத்தப் படித்த நமக்கு, மேடைகளில் முழங்கிய நமக்கு, ஒன்று மட்டும் தோன்றவேயில்லை. உள்ளே படுத்திருந்தவளைக் கேட்கவேண்டும் என்பது!

தோன்றியது அந்த மருத்துவருக்கு. அவர் பொறுமையிழந்து உள்ளே போனார். "அம்மா, இரத்தம் ஏற்றட்டுமா? உங்களுக்கு நினைவு இருக்கிறது, நீங்கள் சொன்னால் போதும்" என்றார். ஐந்தாம் வகுப்புவரை படித்த அந்த உப்பளத் தொழிலாளி, வெளுத்த உதட்டை அசைத்தாள். "ஏத்துங்கம்மா. எனக்கு மூணு புள்ளைங்க." தாளை நீட்டினார்கள், பெயரைக் கோணல்மாணலாக எழுதினாள். முடிந்தது வழக்கு! 2008-இல், தில்லி வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் தெளிவாகவே தீர்ப்புரைத்திருக்கிறது: வயது வந்த, நினைவுள்ள நோயாளியின் ஒப்புதல் இருக்கவேண்டிய இடத்தில், தாயின் ஒப்புதல்கூட ஈடாகாது. தாய்க்கே இல்லாத உரிமை, தொலைபேசி எடுக்காத குருசாமிக்கு எங்கிருந்து வரும்?

இனி நம் கதைக்கு வருவோம். ஒளிக்காமல் சொல்லவேண்டிய கதை. பதில் இரத்தம் வேண்டுமல்லவா? மருத்துவர் நம்மைப் பார்த்தார். நம் முழங்கால் நடுங்கிற்று! மூடநம்பிக்கை என்று மூன்று மணி நேரம் பேசவல்ல நாம், அதுநாள்வரையில் ஒரு சொட்டும் கொடுத்ததில்லை. சிறுவயதில் நம் தாயார் முட்டி சிராய்த்தபோதெல்லாம் சொன்ன அதே "ஒரு சொட்டுக்கு நாற்பது நாள்" கணக்கு, பட்டப்படிப்பையும் தாண்டி நெஞ்சின் அடியிலே படிந்து கிடந்திருக்கிறது. அந்தத் தம்பியை ஏளனமாக நோக்கிய நம் கண், தரையை நோக்கிற்று. எடை பார்த்தார்கள், 52 கிலோ. நாற்பத்தைந்து இருந்தாலே போதுமாம், தப்ப வழியில்லை! படுத்தோம். எடுத்தது 350 மில்லிலிட்டர். உடலில் ஓடுவதோ ஏறத்தாழ 5 லிட்டர். நீர்ப்பகுதி ஓரிரு நாளில் நிரம்பிவிடும், சிவப்பணுக்கள் சில வாரங்களில் ஊறிவிடும், மூன்று மாதம் கழிந்தால் ஆண்கள் மறுபடி கொடுக்கலாம் என்று செவிலியர் சொல்லிக்கொண்டே போனார். பத்து நிமிடத்தில் எழுந்து, ஒரு ரொட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தோம். வலிமை எதுவும் போகவில்லை. செருக்கு கொஞ்சம் போயிருந்தது.

அப்போதுதான் குருசாமியின் அழைப்பு வந்தது. நாம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றோம். தொலைபேசிக்கு வெளியிலும் கேட்கும் குரலில் அந்த முதியவர் கத்தினார்: "அறிவிருக்காடா உனக்கு? அவ உசுரு போனா எந்தப் படிய ஏறுவ? போய்க் குடுடா!" கணவர் விழுந்தடித்து உள்ளே ஓடினார். நம் கோபம் முகவரி இல்லாமல் நின்றது. பஜனை பாடும் கிழவர் ஒருவர், படித்த நம்மைவிடத் தெளிவாகப் பேசிவிட்டார்! இதை எழுதாமல் விட்டிருக்கலாம், எழுதாவிட்டால் பொய்யாகும்.

தாய் பிழைத்தாள். ஆனால் அந்த மாமியாரின் கேள்வி நம்மை விடவில்லை. எந்தச் சாதிக்காரன் இரத்தம்? அவர் புதிதாகக் கேட்டதல்ல அது. பழைய உலகம் முழுவதும் கேட்ட கேள்வி. 1667-இல் பாரிசு நகரத்து மருத்துவர் டெனி, பித்துப் பிடித்த ஒருவனுக்குக் கன்றின் குருதியை ஏற்றினார். ஏன்? கன்று சாது, அதன் குருதி ஏறினால் இவனும் சாதுவாவான் என்ற எண்ணம்! குருதியிலே குணம் ஓடுகிறது, குலம் ஓடுகிறது என்ற நம்பிக்கை பாரிசிலும் இருந்தது, பிரம்மதேசத்திலும் இருக்கிறது. அவன் இறந்தான், அந்த முறையையே தடைசெய்து மூலையில் போட்டார்கள். ஏறத்தாழ 150 ஆண்டு கழித்து, 1818-இல், இலண்டன் மருத்துவர் பிளண்டல் மனிதக் குருதியை மனிதனுக்கு ஏற்றிப் பார்த்தார். அவரை அந்த ஆராய்ச்சிக்குத் தூண்டியது எது என்று நினைக்கிறீர்கள்? பிள்ளை பெற்ற பெண்கள் குருதி வடிந்து சாவதைக் கண்ட துயரம்தான்! நம் உப்பளத் தாயைப் போன்றோருக்காகவே பிறந்த மருத்துவம் இது.

ஆனாலும் சிலர் பிழைத்தனர், சிலர் மாண்டனர், காரணம் தெரியவில்லை. 1901-இல் வியன்னாவிலே லாண்ட்ஸ்டைனர் சொன்னார்: குருதியில் பிரிவுகள் உண்டு. உண்டுதான்! ஆனால் அந்தப் பிரிவைப் பிரமன் வகுக்கவில்லை. ஏ, பி, ஓ என்ற அந்தப் பிரிவு அக்கிரகாரத்திலும் இருக்கிறது, சேரியிலும் இருக்கிறது. ஒரே வயிற்றில் பிறந்த அண்ணனும் தம்பியும் வேறு பிரிவாக இருப்பர். ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ளவன் ஒரே பிரிவாக இருப்பான். சொந்தச் சாதிக்காரன் குருதி கொல்லும், முன்பின் அறியாதவன் குருதி காக்கும். வருண தருமத்துக்கு இதைவிட வேறு மறுப்பு நூல் எதற்கு?

அறிவியல் வளர்ந்த அமெரிக்காவே இதில் சறுக்கியது. இரண்டாம் உலகப்போரின்போது அங்கே செஞ்சிலுவைச் சங்கம் முதலில் கறுப்பர் குருதியே வேண்டாம் என்றது. பிறகு வாங்கிற்று, ஆனால் வெள்ளையர் குருதியோடு கலக்காமல் தனியே சீட்டு ஒட்டி வைத்தது. குருதி நீரைச் சேமித்துக் காக்கும் முறையைச் செப்பனிட்ட சார்லஸ் டிரூ, தாமே ஒரு கறுப்பர்! அந்தச் சீட்டு ஒழிய 1950 வரை ஆயிற்று. மரக்காணத்து மாமியார் தனியாக இல்லை.

நம் வட்டாரத்துக்கே மீளுவோம். பிரம்மதேசத்துக்கு மேற்கே திண்டிவனம். 1890-களில் அங்கே ஒரு பாதிரியார் பங்களாவில், அமெரிக்காவிலிருந்து வந்திருந்த மகள் ஐடா ஸ்கடர் தங்கியிருந்தார். மருத்துவம் படிக்காத இளநங்கை. படிக்கும் எண்ணமும் இல்லாதவர். ஒரே இரவில் மூன்று ஆடவர் கதவைத் தட்டினர். ஒருவர் பார்ப்பனர், ஒருவர் முஸ்லிம், மற்றொருவரும் உயர்சாதி இந்து. மூவர் வீட்டிலும் மனைவியர் பிள்ளைப் பேற்றில் துடித்தனர். "என் தந்தையார் மருத்துவர், அவரை அழைத்துச் செல்லுங்கள்" என்றார் ஐடா. அந்நிய ஆடவன் தொடுவதா? கூடாது என்றனர் மூவரும். விடிந்தபோது மூன்று பெண்களும் பிணம். மதம் வேறு, சாதி வேறு. ஆனால் மூன்று வீட்டிலும் ஒரே தீர்ப்பு! அந்த மூன்று பெண்களில் ஒருத்தியையேனும் "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டிருப்பார்களா? ஐடா கடல் கடந்து மருத்துவம் கற்று 1900-இல் திரும்பினார். வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியதுதான் இன்று பெரும் மருத்துவக் கல்லூரியாய் நிற்கிறது. 1973 டிசம்பர் 24-இல் பெரியார் தம் இறுதி மூச்சை விட்டதும் அங்கேதான். கடவுள் இல்லையென்ற கிழவரைக் கடவுளை நம்பிய கைகள் தாங்கின. அவரும் அந்தக் கைகளை மறுக்கவில்லை.

நம் பாட்டியாரின் முகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழி குழியாக இருக்கும். "ஆத்தா விளையாடின முகம்" என்பார். வைசூரி கண்டபோது மருந்து இல்லை, வேப்பிலையும் கூழும்தான். ஊசி போட வந்தவரைக் கண்டால் பிள்ளைகளைக் குதிருக்குள் ஒளித்து வைப்பார்களாம். அம்மனுக்குக் கோபம் வருமே! அவர் தங்கை பிழைக்கவில்லை. கிண்டியிலே 1899-இல் எழுந்த கிங் நிலையம் ஊசிமருந்து செய்துகொண்டிருந்த நாட்டில்தான் இந்த நிலை. இந்தியாவில் 1975-க்குப் பின் பெரியம்மை இல்லை. 1980-இல் உலகிலேயே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். அம்மன் கோயில்கள் இருக்கின்றன, திருவிழா நடக்கிறது, கூழ் ஊற்றுகிறார்கள். ஆத்தாவின் அந்த விளையாட்டு மட்டும் நின்றுபோயிற்று.

அதற்காக, ஊசிக்கும் குருதிக்கும் அஞ்சுவோர் எல்லோரும் அறிவிலிகள் என்றும் நாம் கூறமாட்டோம். 1986-இல் சென்னையில்தான் எச்.ஐ.வி. தொற்று இந்தியாவில் முதன்முதல் கண்டறியப்பட்டது. காசுக்குக் குருதி விற்கும் வாணிகத்தை உச்சநீதிமன்றம் 1996-இல் கண்டித்து, 1998 சனவரி முதல் ஒழித்தது. அதற்குப் பிறகும், 2018 டிசம்பரில் சாத்தூரில் கருவுற்ற பெண் ஒருவருக்குத் தொற்றுள்ள குருதியை ஏற்றிவிட்டனர். தமக்குத் தொற்று இருப்பதை அறிந்ததும், கொடுத்த இளைஞரே தெரிவித்தார். பிறகு நஞ்சருந்தி மாண்டார். அந்த அச்சத்துக்கு விடை, இன்னும் நல்ல சோதனை. சாதி கேட்பது எந்தச் சோதனையிலும் சேராது.

இவ்வளவும் எழுதியபின், எழுதத் தயங்கும் பகுதி மிச்சமிருக்கிறது. புதுவையில் நமக்கு ஓர் அத்தை. மாமா மறைந்த ஆண்டில் உற்றார் எவரும் எட்டிப் பார்க்கவில்லை. யெகோவாவின் சாட்சிகள் என்னும் பிரிவினர் வாரந்தோறும் வந்து ஆறுதல் சொன்னார்கள். அத்தை அவர்களோடு சேர்ந்துவிட்டார். அவர் பையிலே எப்போதும் ஓர் அட்டை இருக்கும்: எந்நிலையிலும் எனக்கு இரத்தம் ஏற்றவேண்டாம்! இப்போது கருப்பையில் கட்டி. அறுவை செய்தாக வேண்டும்.

நாம் போனோம். வாதாடினோம். "ஆதியாகமம், லேவியராகமம், அப்போஸ்தலர் நடபடிகள் எல்லாம் இரத்தத்தை உண்ணாதே என்கின்றன, ஏற்றாதே என்று எங்கே இருக்கிறது? அதே நூலை வைத்திருக்கும் மற்ற கிறித்தவர்கள் கொடுக்கவில்லையா? இறைச்சியின் இரத்தத்தை உப்பிட்டு வடிக்கும் யூதர்கள்கூட உயிர்காக்க ஏற்றிக்கொள்கிறார்களே! உங்கள் சபை 1945-இல் அல்லவா இதைத் தடுத்தது? அம்மை ஊசியையும் தடுத்தது, 1952-இல் விட்டுவிட்டது. உறுப்பு மாற்றத்தை 1967-இல் தடுத்தது, 1980-இல் அவரவர் மனச்சான்று என்றது. நாளை இதையும் விட்டால், இன்று போகும் உயிருக்கு யார் பொறுப்பு?" என்று அடுக்கினோம். தேதி தேதியாகப் படித்துக்கொண்டுதான் போயிருந்தோம்.

அத்தை கேட்டுக்கொண்டே காய் நறுக்கினார். பிறகு சொன்னார்: "தம்பி, சாமி கும்பிடமாட்டேன்னு நீ நின்னப்போ உங்கம்மா மூணு நாள் சாப்பிடல. நீ விட்டுக்குடுத்தியா? இது என் உடம்பு. என்னைய மட்டும் ஏன் விடச் சொல்றே?"

விடை சொல்ல வாயெடுத்தோம். உப்பளத்துத் தாயின் நினைவு வந்து தடுத்தது. அவளைக் கேட்கவேண்டும் என்று கொதித்தோமே, அவள் "வேண்டாம்" என்று சொல்லியிருந்தால்? அவள் சொல் நமக்குப் பிடித்த சொல்லாக இருந்ததால்தானா அதைப் போற்றினோம்? 2018 மார்ச்சில், காமன் காஸ் என்னும் அமைப்பு தொடுத்த வழக்கில், சிகிச்சையை மறுக்கும் உரிமை வயது வந்தவருக்கு உண்டு என்று உச்சநீதிமன்றம் ஏற்றது. குருதி வாணிகத்தை ஒழித்த 1996 வழக்கைத் தொடுத்ததும் இதே அமைப்புத்தான்! நல்ல குருதி கிடைக்கவும் அவர்களே போராடினர், வேண்டாமென்று சொல்லும் உரிமைக்கும் அவர்களே போராடினர். இரண்டும் முரணென்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

ஆயினும் ஒரு கேள்வியை விடவில்லை. "அத்தை, உங்களுக்கு ஒரு குழந்தை இருந்து, அதற்கு இரத்தம் வேண்டியிருந்தால்?" என்றோம். 1944-இலேயே அமெரிக்க உச்சநீதிமன்றம், அதே பிரிவைச் சேர்ந்த ஒருவர் வழக்கில், பெற்றோர் தம் கொள்கைக்குத் தாம் பலியாகலாம், தாமே முடிவெடுக்கும் வயது வராத பிள்ளையைப் பலியாக்க உரிமையில்லை என்னும் பொருள்பட உரைத்திருக்கிறது. அதை நாம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் வரவில்லை. பிள்ளைப் பேறில்லாத அத்தையின் கத்தி, காயின்மேல் வெகுநேரம் அசையாமல் நின்றது.

மருத்துவர்கள் அத்தையின் சொல்லை ஏற்றுக்கொண்டார்கள். இரும்புச் சத்தை ஊசிவழியே செலுத்தி, குருதி அளவை உயர்த்தி, பிறகே கத்தி வைப்பது என்று முடிவாயிற்று. ஒன்பதில் இருந்தது இப்போது பன்னிரண்டைத் தொட்டிருக்கிறது. உப்பளத்துத் தாயின் மாடத்தில் கிடந்த மாத்திரைகளும் இதே இரும்புச் சத்துத்தான் என்பதை நினைத்துக்கொண்டோம்.

அவளைச் சென்ற வாரம் பள்ளி வாயிலில் கண்டோம். இடுப்பிலே குழந்தை, கறுத்த, கொழுத்த குழந்தை. "சார், அன்னிக்கு எனக்கு ஏத்துன ரத்தம் யாருதுன்னு தெரியுமா?" என்றாள். "தெரியாது. கேட்டாலும் சொல்லமாட்டார்கள்" என்றோம். "யாரோ, நல்லா இருக்கட்டும்" என்றாள்.

அடுத்த மாதம் பத்தாம் நாள் அத்தைக்கு அறுவை. பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டோம். துணைக்கு இருக்கப்போவது நாம்தான். அந்த அட்டையும் அவர் பையில் இருக்கும். மருத்துவர் கேட்டால், எடுத்துக் கொடுக்கவேண்டியதும் நாமே.